யாருக்கு எந்த ஏரியா? ஜெராக்ஸ் நிறுவனத்தில் கறுப்பின ஊழியர்கள் ஏறிய படிகள்

இரண்டு விற்பனையாளர்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டு 1970, ஊர் சான் பிரான்சிஸ்கோ. இருவரும் ஒரே மாதத்தில் ஜெராக்ஸில் சேர்ந்தவர்கள். ஒரே பயிற்சி, ஒரே மேலாளர். ஒருவருக்குக் கிடைத்த ஏரியாவில் வங்கித் தலைமையகங்களும் காப்பீட்டு அலுவலகங்களும் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களும் இருக்கின்றன. மற்றவருக்கு வாய்த்தது சிறு கடைகள், பட்டறைகள், மாடிப்படிக்குக் கீழே நடக்கும் கணக்கர் அலுவலகங்கள். முதலாமவர் வெள்ளையர், இரண்டாமவர் கறுப்பினத்தவர்.

ஆட்கள் கற்பனை. கணக்கு கற்பனையல்ல. 1959-ல் வந்த 914 மாடலில் தொடங்கி, ஜெராக்ஸ் தன் இயந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கு விட்டுத்தான் சம்பாதித்தது. எடுக்கும் நகலுக்கு ஏற்பப் பணம். எங்கே காகிதம் மலையாகக் குவிகிறதோ அங்கேதான் பெரிய இயந்திரம் போகும், ஆறு மாதத்தில் இரண்டாவது இயந்திரமும் போகும். மாடிப்படிக் கணக்கரிடம் தலைகீழாக நின்றாலும் ஒரு சின்ன இயந்திரத்துக்கு மேல் தள்ள முடியாது. வருடக் கடைசியில் கிளை அலுவலகச் சுவரில் டார்கெட் பட்டியல் ஒட்டப்படும். முதலாமவர் இலக்கைத் தாண்டியிருப்பார், இரண்டாமவர் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பார். பதவி உயர்வுக்குப் பெயர் எடுக்கும் கூட்டத்தில் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். தோலின் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. எண்களே பேசிவிடும்.

பெருநிறுவனங்களில் இனத்தடை என்றதும் கெட்ட மனம் கொண்ட ஒரு மேலதிகாரியைத்தான் நாம் தேடுகிறோம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. ஆனால் வேலையைப் பங்கிடும் முறையிலேயே தடை உட்கார்ந்திருக்கும்போது நல்ல மனம் கொண்ட மேலதிகாரியும் அதே முடிவுக்குத்தான் வந்து சேர்வார். ஜெராக்ஸின் கதையை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். நம் பேச்சில் அந்தப் பெயர் நிறுவனத்தைக் குறிப்பதே இல்லை, நகலைத்தான் குறிக்கிறது. அது இந்தக் கதைக்கு எவ்வளவு பொருத்தம் என்பது போகப்போகத் தெரியும்.

ராச்செஸ்டர், 1964

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் கோடாக்கும் ஜெராக்ஸும் வளர்ந்த ஊர். வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று பெயர். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினத்தவருக்கு மட்டும் அந்த வேலைகளின் கதவு திறக்கவில்லை. 1964 ஜூலையில் அங்கே மூன்று நாள் கலவரம் வெடித்தது, தேசியக் காவல் படையை அழைக்க வேண்டியதாயிற்று. அந்த மாதம்தான் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டமும் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி ஜான்சன் பிறப்பித்த 11246-ஆம் எண் ஆணை, அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் வாய்ப்பைப் பரவலாக்கும் திட்டம் வகுத்துக் காட்ட வேண்டும் என்றது.

1965-ல் உள்ளூர்க் கறுப்பின மக்கள் ‘ஃபைட்’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். ஃபிராங்க்ளின் ஃபுளோரன்ஸ் என்ற போதகர் அதற்குத் தலைமை தாங்கினார். மக்களைத் திரட்டுவதில் பேர்போன சால் அலின்ஸ்கி சிகாகோவிலிருந்து வந்து துணை நின்றார். 600 பேருக்கு வேலை தருவதாக 1966 டிசம்பரில் கோடாக்கின் அதிகாரி ஒருவர் அந்த அமைப்புடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் ஓரிரு நாளிலேயே கைகழுவிவிட்டது. அந்தச் சண்டை பிறகு பல மாதம் நீண்டது.

ஜெராக்ஸின் தலைவர் ஜோசப் வில்சன் வேறு வழியில் போனார். ஃபைட் அமைப்புடன் உட்கார்ந்து பேசி, ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார். 1968-ல் அவரும் தலைமை நிர்வாகி பீட்டர் மெக்கலோவும் சேர்ந்து எல்லா மேலாளர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார்கள். கறுப்பின ஊழியர்களைத் தேடிப் பிடித்து எடுங்கள், இது உங்கள் பொறுப்பு என்பது அதன் சாரம். மேலே இருப்பவர்கள் வாயைத் திறந்து சொன்னதற்கு மதிப்பு உண்டுதான். ஆனால் கடிதம் திறந்தது வாசற்கதவை மட்டும். உள்ளே போன பிறகு யாருக்கு எந்த ஏரியா என்பதை அந்தந்தக் கிளை மேலாளர்தான் தீர்மானித்தார். அவருடைய கை கடிதத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

மாலைக்குப் பிறகு நடந்த பள்ளிக்கூடம்

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின விற்பனையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கியபோதுதான் இந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொருவரும் தன் திறமைக் குறைவு என்று நினைத்திருந்தது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கொழுத்த வாடிக்கையாளர்கள் ஒரு பக்கமும் கறுப்பினத்தவர் மறுபக்கமும் இருப்பது தெரிந்தது. பே ஏரியா எனப்படும் அந்த வட்டாரத்தின் கறுப்பின ஊழியர்கள் என்ற பெயரில் சங்கம் உருவானது. அதுபோல ராச்செஸ்டரிலும் வாஷிங்டனிலும் பிற ஊர்களிலும் சங்கங்கள் முளைத்தன. காகஸ் என்று அழைக்கப்பட்ட இந்தக் குழுக்களை நிறுவனம் தொடங்கவில்லை. நிறுவனத்தின் நேரத்தில் அவை கூடவுமில்லை. சொந்த நேரம், சொந்தச் செலவு.

அந்தக் கூட்டங்களில் இரண்டு விதமான வேலை நடந்தது. ஒன்று, நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவது. 1971-ல் ஏரியா ஒதுக்கீட்டில் பாகுபாடு என்று வழக்கு வரைக்கும் போனார்கள். இன்னொன்று வெளியே அதிகம் பேசப்படாதது, எனக்கு அதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. மாலையில் ஒருவர் எழுந்து நின்று மறுநாள் வாடிக்கையாளரிடம் பேசப்போவதை அப்படியே பேசிக் காட்டுவார். எதிரே மூத்தவர்கள் உட்கார்ந்து, இந்த இடத்தில் விலையைச் சொல்லாதே, இந்தக் கேள்வி வந்தால் தடுமாறாதே என்று பிரித்து மேய்வார்கள். அப்ரைசலை எப்படிப் படிப்பது, எந்த மேலாளரிடம் எதை எழுத்தில் வாங்க வேண்டும், எந்தப் பதவி முட்டுச்சந்து, எந்தப் பதவிக்கு அந்தப் பக்கம் வழி உண்டு என்பதெல்லாம் அங்கேதான் கைமாறியது. வெள்ளைக்கார இளைஞருக்கு இந்தப் பாடம் மதியச் சாப்பாட்டு மேசையில், கோல்ஃப் மைதானத்தில், கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது.

வழிகாட்டிகளைப் பற்றி டேவிட் தாமஸ் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் பின்னாளில் எழுதியதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வேறு இனத்தைச் சேர்ந்த இளையவருக்கு வழிகாட்டும் மேலதிகாரி பல நேரம் வாயைக் கட்டிக்கொள்கிறார் என்கிறார் அவர். ‘உன் பேச்சில் கடுமை தெரிகிறது’ என்று வெள்ளையர் ஒருவரிடம் சட்டென்று சொல்லிவிடுவார். கறுப்பினத்தவரிடம் சொன்னால் இனவெறி என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். இளையவரும் அதே காரணத்தால் தன் சந்தேகத்தைக் கேட்பதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு உப்புச் சப்பில்லாமல் பேசிப் பிரிகிறார்கள். தாமஸ் இதைப் பாதுகாப்புத் தயக்கம் என்ற பொருளில் பெயரிட்டார். காகஸ் கூட்டத்தில் இந்தத் தயக்கத்துக்கு வேலையே இல்லை. திட்டுகிறவரும் திட்டு வாங்குகிறவரும் ஒரே படகில் இருந்தார்கள்.

இத்தகைய ஊழியர் குழுக்களை ரேமண்ட் ஃபிரீட்மன் பின்னர் ஆராய்ந்தார். 1998-ல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வு, கறுப்பின மேலாளர்களுக்குத் தங்கள் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை கூடியதற்குக் காரணம் கூடிப் பேசும் சுகம் மட்டுமல்ல, குழு வழியாக வழிகாட்டி கிடைப்பதுதான் என்று கண்டது. ஆண்டுக்கொரு விருந்தோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய ஊழியர் குழுக்கள் பலவற்றில் விடுபட்டுப் போயிருப்பது அந்தப் பாதிதான்.

திருப்புமுனைப் பதவி

நிர்வாகத்தின் பங்கு என்று வந்தால், எனக்கு மிகவும் பிடித்தது ஒரு எளிய கணக்கு. தன் உயர் அதிகாரிகளின் பழைய வரலாற்றை ஜெராக்ஸ் எடுத்துப் பின்னோக்கிப் படித்தது. இன்று மேலே இருப்பவர்கள் எந்தெந்தப் பதவிகளைத் தாண்டி வந்தார்கள்? அநேகமாக எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழைந்திருந்தார்கள். முதல் நிலை விற்பனை மேலாளர் என்ற பதவி அது. ஒரு சின்ன அணியை வைத்து வேலை வாங்கும், பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் பதவி. அதில் உட்காராதவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் மேலே போன கதை அரிது.

கணக்கு கையில் வந்ததும் கேள்வி மாறிப் போகிறது. மொத்த ஊழியர்களில் கறுப்பினத்தவர் எத்தனை என்பது செய்தித்தாளுக்கு நல்ல எண். திருப்புமுனைப் பதவியில் எத்தனை பேர் என்பதுதான் பத்து வருடம் கழித்து மேல்மாடியில் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்லும். அந்தப் பதவிகளுக்கு ஜெராக்ஸ் இலக்கு வைத்தது. 1980களில், டேவிட் கேர்ன்ஸ் தலைமை வகித்த காலத்தில், சமநிலைப் பணியாளர் திட்டம் என்ற பெயரில் இதைப் பெரிதாக்கினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் நிறுவனத்தின் ஆள் கணக்கையும் சேர்த்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பதவி நிலைக்கும் இலக்கு வகுக்கப்பட்டது. ஜப்பானிய நிறுவனங்கள் சந்தையைப் பிடுங்கிக்கொண்டிருந்த, ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் இதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலக்கை எட்டியது மேலாளரின் சொந்த மதிப்பீட்டில் ஏறியது. 1968 கடிதத்துக்கு எட்டாத கை இப்போது எட்டியது.

இதற்கு ஆராய்ச்சியின் ஆதரவு பின்னால் வந்தது. அலெக்சாண்ட்ரா கலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு 708 தனியார் நிறுவன அலகுகளின் 1971 முதல் 2002 வரையிலான தரவுகளைப் பார்த்தது. மேலாளர் பதவிகளில் கறுப்பினத்தவரும் பெண்களும் கூடினார்களா என்பதுதான் அவர்களின் அளவுகோல். மனப்போக்கை மாற்றும் பயிற்சி வகுப்புகள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. வழிகாட்டித் திட்டங்கள் ஓரளவு உதவின. இன்னார்தான் இதற்குப் பொறுப்பு என்று ஒரு குழுவையோ அதிகாரியையோ நியமித்த இடங்களில்தான் எண்கள் நன்றாக நகர்ந்தன, அங்கே மற்றத் திட்டங்களும் கூடுதல் பலன் தந்தன. நிறுவனங்கள் ஆசையாகச் செலவழிப்பது எதில் என்று பார்த்தால், பயிற்சி வகுப்பில்தான். ஒரு நாள் அமர்வு, ஒரு சான்றிதழ், யாருக்கும் வலிக்காது.

எமிலியோ காஸ்டிலியா என்ற ஆய்வாளரின் வேலையும் இதே திசைதான். வேலை மதிப்பீட்டில் ஒரே மதிப்பெண் பெற்ற ஊழியர்களுக்குள், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் சம்பள உயர்வு குறைவாக இருந்ததை ஒரு பெரிய நிறுவனத்தின் பதிவேடுகளிலிருந்து 2008-ல் காட்டினார். மதிப்பெண் போடும் இடத்தைத்தான் எல்லோரும் காவல் காக்கிறார்கள், அதைப் பணமாக மாற்றும் இடத்தில் காவலே இல்லை. சம்பள முடிவுக்கு இன்னார் பதில் சொல்ல வேண்டும், பிரிவு வாரியாக எண்களை மூத்த நிர்வாகிகளுக்குக் காட்ட வேண்டும் என்று வைத்தபோது இடைவெளி சுருங்கியதை 2015-ல் எழுதினார்.

இரண்டு பந்தயங்கள்

டேவிட் தாமஸும் ஜான் கபாரோவும் மூன்று பெரிய அமெரிக்க நிறுவனங்களில் உயர் பதவி எட்டிய சிறுபான்மையினரின் பாதையை 1990களில் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது, ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு பந்தயங்கள் நடக்கின்றன என்பது. பின்னாளில் உயர் அதிகாரியாகப்போகும் வெள்ளையர் ஆரம்ப ஆண்டுகளிலேயே வேகப் பாதையில் ஏற்றப்படுகிறார். கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் நடுத்தர மேலாளர் ஆகும்வரை மெதுவாகத்தான் நகர்கிறார்கள், ஒரே துறையில் ஆழமாக வேரூன்றுகிறார்கள், தங்களை மறுபடி மறுபடி நிரூபிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கிறது. அந்த நீண்ட காத்திருப்பில் பலர் சலித்து வெளியேறிவிடுகிறார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பாதியில் நின்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் திறமையில் பெரிதாக இல்லை. நின்றவர்களுக்கு வேலை கற்றுத்தரும் வழிகாட்டி கிடைத்தார். ஏறியவர்களுக்கு, அவர்கள் இல்லாத அறையில் அவர்களுக்காக வாய் திறக்கும் ஒருவர் கிடைத்தார்.

அர்சுலா பர்ன்ஸின் பாதையை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். இயந்திரவியல் பொறியாளர். 1980-ல் கோடைக்காலப் பயிற்சியாளராக ஜெராக்ஸில் நுழைந்தார், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பொறியியல் பக்கமே இருந்தார். 1989-ல் ஒரு கூட்டத்தில், பன்முகத்தன்மை என்று பார்த்து ஆள் எடுத்தால் தரம் குறையாதா என்று ஒருவர் கேட்டார். மேடையில் இருந்த வேலண்ட் ஹிக்ஸ் என்ற மூத்த அதிகாரி அதற்குச் சூடில்லாமல் பொறுமையாகப் பதில் சொன்னார். இப்படிப்பட்ட கேள்விக்கு ஏன் மரியாதை கொடுக்கிறீர்கள் என்று பர்ன்ஸ் எல்லோர் முன்பும் அவரை மடக்கினார். ஹிக்ஸ் பிறகு அழைத்துக் கண்டித்தார். சொன்ன விஷயத்தையல்ல, சொன்ன விதத்தை. அதோடு விடாமல் அவ்வப்போது சந்தித்துப் பேசினார், 1990-ல் தன் நிர்வாக உதவியாளராக வரச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் வேலையோ என்று பர்ன்ஸுக்கு முதலில் தயக்கம் இருந்தது.

தாமஸ் சொன்ன தயக்கம் இங்கே உடைந்ததைக் கவனியுங்கள். இளையவர் நெருப்பான விஷயத்தை நேரடியாகச் சொன்னார், மூத்தவர் பயப்படாமல் கண்டித்தார். இருவரில் ஒருவர் நாசூக்காக ஒதுங்கியிருந்தால் அந்த உறவே பிறந்திருக்காது.

1991-ல் பர்ன்ஸ் தலைமை நிர்வாகி பால் அலேரின் உதவியாளர் ஆனார். இனி ஆள் எடுக்கக் கூடாது என்று அலேர் மாதாந்தரக் கூட்டங்களில் சொல்வார், ஆனால் மாதம் 1,000 பேர் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒரு நாள் பர்ன்ஸ் கை தூக்கி, ஆள் எடுக்காதீர்கள் என்று நீங்களே சொல்லியும் எடுக்கிறார்களே, யார் சொன்னால்தான் உண்மையில் நிற்கும் என்று கேட்டார். சம வாய்ப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2009 ஜூலையில் அவரே தலைமை நிர்வாகி ஆனார். ஃபார்ச்சூன் 500 நிறுவனம் ஒன்றை நடத்திய முதல் கறுப்பினப் பெண். 2016 முடியும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

கணக்கு எட்டாத படி

இந்த இடத்தில் கதையை முடித்தால் நிறுவனத்துக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும். பேரி ராண்ட் என்ற பெயரைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ராண்ட் 1968-ல் வாஷிங்டனில் விற்பனையாளராகச் சேர்ந்தார், காகஸ் தலைமுறையின் ஆள். திருப்புமுனைப் பதவிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க விற்பனைப் பிரிவு முழுவதற்கும் தலைவரானார், 1992-ல் செயல் துணைத் தலைவரானார். அடுத்த தலைமை நிர்வாகி யார் என்ற கேள்வி வந்தபோது, 1997-ல் நிர்வாகக் குழு ஐபிஎம்மிலிருந்து ரிச்சர்ட் தோமனை வாரிசாகக் கொண்டுவந்தது, 1999 ஏப்ரலில் அவர் தலைமை நிர்வாகியானார். ராண்ட் வெளியேறி, 1999-ல் ஏவிஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியானார். தோமன் அந்த நாற்காலியில் அமர்ந்து 13 மாதத்தில், 2000 மே மாதம், இறங்க வேண்டியதாயிற்று.

அந்தத் தேர்வுக்கு இனம்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, சொல்லவும் மாட்டேன். பார்க்க வேண்டியது வேறு. திருப்புமுனைப் பதவிகள் பலவாக இருக்கும்வரைதான் எண் வைத்து அளக்க முடியும். உச்சியில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அங்கே தேர்வு ஒரு சின்ன அறைக்குள் நடக்கிறது. மேலாளர்கள் தங்களைப் போன்றவர்களையே தேர்ந்தெடுத்துத் தங்களை மறுபதிப்புச் செய்துகொள்கிறார்கள் என்று சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-லேயே எழுதினார். முடிவு எவ்வளவுக்கெவ்வளவு ஊகத்தின் மேல் நிற்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு பழகிய முகத்தின் மேல் நம்பிக்கை கூடும் என்பது அவர் வாதம். நகல் எடுக்கும் இயந்திரத்தை உலகுக்கே விற்ற நிறுவனத்துக்கும் இதில் விலக்கு இருந்திருக்குமா என்ன?

ஏரியா பழைய கதையல்ல. 2005-ல் ஜார்ஜ் மெக்ரெனால்ட்ஸ் என்ற கறுப்பினப் பங்குத் தரகர், தான் வேலை பார்த்த மெரில் லிஞ்ச் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் மீது சிகாகோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஒரு தரகர் விலகினால் அவருடைய வாடிக்கையாளர்களை, ஏற்கெனவே அதிக வருமானம் ஈட்டியவர்களுக்குப் பங்கிடுவது அங்கே விதி. தரகர்கள் தாங்களே அணி சேர்ந்துகொள்ளலாம் என்பது இன்னொரு விதி. இரண்டு விதியிலும் இனம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் அணியில் சேர்க்கப்படாதவருக்கு வருமானம் குறையும், வருமானம் குறைந்தவருக்கு அடுத்த பங்கீட்டில் ஒன்றும் கிடைக்காது. இருக்கிறவனுக்கே மேலும் சேரும். இந்த இரண்டு விதிகளின் விளைவை எல்லா கறுப்பினத் தரகர்களுக்கும் பொதுவாக வைத்து விசாரிக்கலாம் என்று 2012-ல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. 2013-ல் நிறுவனம் 16 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சான் பிரான்சிஸ்கோ விற்பனையாளர்கள் சொன்னதற்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

இன்றைய நிலைமை வேறு. ஜான்சனின் 11246-ஆம் ஆணை 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. இலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நிறுவன வழக்கறிஞர்கள் பதறுகிறார்கள். ஜெராக்ஸின் சமநிலைத் திட்டத்தை அப்படியே இன்று யாரும் எடுத்து வைக்கப்போவதில்லை. ஆனால் பின்னோக்கிப் படித்த கணக்குக்கு இலக்கும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். கடைசி மூன்று ஆண்டில் வேலையை விட்டுப்போன விற்பனையாளர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மேசையைக் காலி செய்தபோது கையில் இருந்த வாடிக்கையாளர்கள் யார் யார், திங்கட்கிழமை அவர்கள் யார் கைக்குப் போனார்கள் என்று எதிரெதிரே எழுதிப் பார்க்கலாம். பெரும்பாலான நிறுவனங்களில் இதற்கான தரவு ஏற்கெனவே விற்பனைக் கணினியில் இருக்கிறது. திறந்து பார்க்க அரை நாள் போதும்.